பனிக்காலத்தில் படகுக்குள் பெயிண்ட் அடிப்பதா? முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் மிதக்கிற ஒடுக்கமான இரும்புப் படகுக்கு நேரோபோட் என்று பெயர். அகலம் 6 அடி 10 அங்குலம்தான், நீளம் 70 அடி வரைகூடப் போகும், ஒரு ரயில் பெட்டியை யாரோ தண்ணீரில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். இதை வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். கோடை முழுக்க யோசித்துவிட்டு, இலை உதிரும் நேரத்தில் வாங்கி, உள்ளே குடியேறி, ஒரு வாரத்தில் அந்த மங்கிய பைன் பலகைச் சுவர்களைப் பார்த்துச் சலித்துப்போய், டிசம்பரில் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறோம். வெளியே 3 டிகிரி.

செய்யலாமா என்றால் செய்யலாம். படகின் வெளிப்புறத்தை இந்தக் காலத்தில் தொடவே கூடாது, ஆனால் உள்பக்கத்தை ஒழுங்காகச் செய்ய முடியும். நம் ஊரில் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போல நினைத்துக்கொண்டு இறங்கினால்தான் வம்பு. நான் அப்படித்தான் இறங்கினேன்.

என் முதல் குளிர்காலத்தில், கிராண்ட் யூனியன் கால்வாயில் படகைக் கட்டியிருந்தபோது, விறகு அடுப்பை நன்றாக மூட்டி, உள்ளே பனியனோடு நிற்கிற அளவுக்குச் சூடு ஏற்றிவிட்டேன். தெர்மாமீட்டர் 21 டிகிரி காட்டியது. டப்பாவில் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும் என்று போட்டிருந்தது. பிறகு என்ன, ராத்திரி எட்டு மணி வரை ரோலரை உருட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் கோடு கோடாக வழிந்திருந்தது. கட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மேல்கூரை மட்டும் அழகாகக் காய்ந்திருந்தது. பக்கத்துப் படகில் இருபது வருஷமாக வாழ்கிற ஒரு பெரியவர் எட்டிப்பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அடிக்கிறதுக்கு முன்னாடி சுவரைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

தொட்டுப் பார்க்கவில்லை. காற்றின் சூட்டைப் பார்த்தேன், சுவரின் குளிரைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்கான விளக்கம்தான்.

சுவர் ஏன் சில்லென்று இருக்கிறது

படகின் உடம்பு இரும்புத் தகடு. இப்போதைய நேரோபோட்களில் அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6, அறையின் கூரையும் மேல்சுவரும் 4 என்பது வழக்கமான கணக்கு. அதற்கு உள்ளே காப்பு, அதாவது தெளித்து ஒட்டவைத்த நுரை, பழைய படகென்றால் தெர்மோகோல் பலகை. அதற்கும் உள்ளேதான் நீங்கள் பெயிண்ட் அடிக்கப்போகிற பிளைவுட்டோ பலகையோ. காப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. இரும்பு விலா எலும்புகள் ஓடுகிற இடம், ஜன்னலின் அலுமினியச் சட்டம், கூரையில் காளான் போல நிற்கிற காற்றுத் துளைகளின் வளையம், பின்கதவுத் தண்டவாளம், இவையெல்லாம் குளிரை நேராக உள்ளே கொண்டுவருகிற பாலங்கள்.

இன்னொன்று, படகின் பக்கவாட்டில் வெளியே நடப்பதற்கு ஒரு விளிம்பு இருக்கும். அதைக் கன்னல் என்று உச்சரிக்கிறார்கள் (நம் கரும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). உள்ளேயிருந்து பார்த்தால் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னத் திண்ணை போலத் தெரியும். அதற்குக் கீழே இருக்கிற சுவரின் மறுபுறத்தில் பாதி உயரத்துக்குக் கால்வாய்த் தண்ணீர் நிற்கிறது. ஜனவரியில் அந்தத் தண்ணீர் 4, 5 டிகிரிதான் இருக்கும். நீங்கள் உள்ளே எவ்வளவு விறகு போட்டாலும் கால்வாயைச் சூடாக்க முடியாது, இல்லையா? அடுப்புச் சூடு மேலே போய்க் கூரையில் 28 டிகிரியாக நிற்கும், கால் பக்கம் 9 டிகிரியாக இருக்கும். ஒரே அறையில் மேலே கோடை, கீழே மார்கழி.

இதில் ஈரம் சேர்ந்தால் கதை முடிந்தது. காற்றில் இருக்கிற நீராவி, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் முத்து முத்தாகத் தண்ணீராகிவிடும். அந்த அளவுதான் பனிப்புள்ளி. இதைக் கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழியுங்கள், வருவதை ஐந்தால் வகுங்கள், அதை அறையின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். அறை 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 30-ஐ ஐந்தால் வகுத்தால் 6, 18-லிருந்து 6 போனால் 12. சுவரில் எந்த மூலை 12 டிகிரிக்குக் கீழே இருந்தாலும் அந்த மூலை வியர்க்கும். ஈரப்பதம் 50-க்குக் கீழே போனால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், ஆனால் படகில் குளிர்காலத்தில் 50-க்குக் கீழே போவது அபூர்வம், கவலைப்படாதீர்கள்.

பெயிண்ட் வேலைக்கு வியர்க்காமல் இருந்தால் மட்டும் போதாது, பனிப்புள்ளியைவிடச் சுவர் 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழிலில் காலங்காலமாகப் பிடித்துவருகிற விதி இது. மேலே சொன்ன கணக்கில் சுவர் 15 டிகிரியாவது இருக்க வேண்டும். என் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரை அடுத்த நாள் அளந்தேன், 8.

வாங்க வேண்டிய இரண்டு சின்னச் சாமான்கள்

ஈரப்பதமும் வெப்பநிலையும் ஒன்றாகக் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர், அப்புறம் துப்பாக்கி மாதிரி நீட்டினால் பரப்பின் சூட்டைச் சொல்கிற அகச்சிவப்பு தெர்மாமீட்டர். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல பிரஷ் செட்டின் விலைதான் ஆகும். அந்தத் துப்பாக்கியைப் பளபளப்பான அலுமினியத்தில் நீட்டினால் தப்பாகக் காட்டும், அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, சிறிது நேரம் விட்டு, அந்த டேப்பின் மேல் நீட்டுங்கள்.

வேலைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே காலை, மதியம், இரவு என்று அளந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில், கன்னலுக்குக் கீழே, ஜன்னல் ஓரம், கூரை நடுவில். எந்த மூலை உங்கள் படகின் மோசமான மூலை என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். அந்த மூலைக்கு ஏற்றபடிதான் மொத்த வேலையும் திட்டமிட வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம்

கடைகளில் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் கிடைக்கும், புகைக்குழாய் கிடையாது, சிலிண்டரை உள்ளேயே வைத்துக் கொளுத்துவது. இதைப் படகுக்குள் கொண்டுவராதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அதாவது காயவைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சுவரில் நீங்களே தண்ணீர் தெளிக்கிறீர்கள். மண்ணெண்ணெய் ஹீட்டரும் இதே ஜாதிதான். அது போதாதென்று கார்பன் மோனாக்சைடு வேறு. நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இங்கே 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பெயிண்ட் வாசனைக்கு அது சில நேரம் வீணாகக் கத்தும். கத்துகிறது என்று பேட்டரியைப் பிடுங்கிவிடாதீர்கள். வெளியே போங்கள், கதவுகளைத் திறந்துவிடுங்கள், எரிகிறதை அணையுங்கள், அது வீண் சத்தம்தானா என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு உள்ளே வாருங்கள்.

நல்லது எதுவென்றால், புகைக்குழாய் உள்ள விறகு அல்லது கரி அடுப்பு. எரிவதில் வரும் ஈரம் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது, சூடு மட்டும் தங்குகிறது. கரையில் மின்சாரம் எடுக்க வசதியுள்ள மரினா என்கிற படகுத்துறையில் கட்டியிருந்தால் எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் இன்னும் நல்லது, நெருப்பே இல்லை, இரவு முழுக்க ஒரே சூட்டில் விடலாம். அதோடு ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று. இதில் இரண்டு வகை உண்டு. ஃபிரிட்ஜ் போல கம்ப்ரெசர் வைத்தது குளிரில் சோம்பேறியாகிவிடும். டெசிக்கன்ட் வகை, அதாவது உறிஞ்சும் பொருளைச் சக்கரத்தில் வைத்துச் சுழற்றுவது, குளிரிலும் வேலை செய்யும், கூடவே கொஞ்சம் வெந்நீர்ச்சட்டி மாதிரி சூடும் தரும். படகுக்கு இரண்டாவதுதான். ஆனால் அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், பேட்டரியை நம்பி ஓட்ட முடியாது.

அதனால் என் கருத்து: முடிந்தால் இந்த வேலைக்காக இரண்டு வாரமாவது மின்சாரம் உள்ள இடத்தில் கட்டுங்கள். நிலையான இடம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் உரிமத்தில் இருப்பவர்கள் பதினான்கு நாளுக்கு ஒருமுறை நகர வேண்டும் என்று சட்டம், பாதிச் சுவரில் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது லாக்கில் (படகை ஏற்றி இறக்குகிற கதவுத் தொட்டி) இடித்துக்கொண்டு போவது அழகாக இருக்காது.

வேலைக்கு முந்தைய நாளே சூட்டை ஆரம்பித்துவிடுங்கள். காற்று அரை மணியில் சூடாகும், சுவர் சூடாக ஒரு நாள் ஆகும். அலமாரிக் கதவுகளையெல்லாம் திறந்து வையுங்கள், மெத்தையைச் சுவரிலிருந்து இழுத்து நிமிர்த்துங்கள், தரையில் ஒரு மேசை மின்விசிறியை வைத்துக் கூரைச் சூட்டைக் கீழே கிளறிவிடுங்கள். இந்த மின்விசிறி ஒன்றே கன்னலுக்குக் கீழே எனக்கு 3, 4 டிகிரி ஏற்றிக்கொடுத்தது.

ஜன்னலைத் திறங்கள், ஆமாம், பனியில்தான்

புதிதாக வருகிறவர்கள் நம்பவே மாட்டார்கள். வெளியே மூடுபனி, ஈரப்பதம் 90 சதவீதம், இதில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்பார்கள். வராது. குளிர்ந்த காற்றால் நிறைய நீராவியைச் சுமக்க முடியாது. 3 டிகிரியில் 90 சதவீதம் இருக்கிற அதே காற்றை உள்ளே இழுத்து 18 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதமாகிவிடும். பாலைவனக் காற்று! உள்ளே இருக்கிற பழைய காற்றுதான் ஈரம். உங்கள் மூச்சு, வியர்வை, டீக் கெட்டில், காயப்போட்ட சாக்ஸ் எல்லாம் அதில்தான். தண்ணீர் கலந்த பெயிண்டே ஒரு பெரிய ஈர மூட்டை, ஐந்து லிட்டர் அடித்தால் அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், அத்தனையும் காற்றுக்குத்தான் போகிறது.

ஆகவே சூடும் வேண்டும், காற்றும் வேண்டும். முன்கதவையும் (நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, அந்தப் பக்கம்) பின்கதவையும் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் முழுக்கத் திறந்து, ஒரு வீச்சில் காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள். நாள் முழுக்க ஒரு ஜன்னலைக் கீற்றாகத் திறந்துவைப்பதைவிட இது மேல். நீண்ட நேரம் கீற்றாகத் திறந்த ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்துபோகும். கூரைத் துளைகளையும் கதவின் கீழ்த் துளைகளையும் மட்டும் எப்போதும் திறந்தே விடுங்கள். குளிருக்குப் பயந்து அதில் துணியை அடைக்கிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், அந்தத் துளைகள் அடுப்புக்கும் உங்களுக்கும் மூச்சுவிட வைத்தவை.

எந்தப் பெயிண்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன்: தண்ணீரில் கலந்த அக்ரிலிக், பாதிப் பளபளப்பு உள்ளது. படகுக்கென்று தனி விலையில் விற்பது தேவையில்லை, சமையலறை, குளியலறைக்கென்று விற்கும் நல்ல வீட்டுப் பெயிண்ட் போதும். முழு மேட் வேண்டாம், படகில் தோள் உரசாமல் நடக்க முடியாது, அழுக்கு துடைத்தால் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

எண்ணெய் பெயிண்ட், அதுதான் நம் எனாமல் வகை, இன்னும் கொஞ்சம் குறைந்த குளிரையும் தாங்கும் என்பது உண்மைதான், பல டப்பாக்களில் 5 டிகிரி என்று போட்டிருக்கும். ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது, தரைப் பலகைக்கு அடியில் இருக்கிற அடித்தளத்துக்கு இறங்கித் தேங்கும். அங்கே தேங்கிய தண்ணீரை வெளியேற்றுகிற பம்ப்பின் சுவிட்ச் இருக்கிறது, பக்கத்தில் அடுப்பில் கங்கு இருக்கிறது. எண்ணெய் பெயிண்ட் எடுத்தால் அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும், கேஸ் அடுப்பு, எப்போதும் எரிகிற சின்ன பைலட் சுடர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்தால் சுவர் குளிரும், சுவர் குளிர்ந்தால் பெயிண்ட் காயாது. இந்தச் சுற்றிலிருந்து மின்சார வசதி இல்லாமல் வெளியே வர முடியாது. இன்னொரு குறையும் உண்டு, எண்ணெய் வெள்ளை இருட்டில் மஞ்சளாகிவிடும், அலமாரிக்குள் அடித்தால் ஒரு வருஷத்தில் பழைய பல் மாதிரி நிறம்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி, பாலியூரிதேன் சமாசாரங்களை முதல் வேலையாக, மூடிய அறையில், குளிரில் எடுக்காதீர்கள். எபாக்சி குளிரில் இறுகாமல் மேலே மெழுகுப் படலம் விடும், தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் வாழ்நாளுக்கும் போகாது. பாலியூரிதேனின் கடினப்படுத்தியில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். அது முறையான மூச்சுக் கருவியோடு வேலை செய்கிறவர்களுக்கு.

கழுவுதல், தேய்த்தல், கறை

பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு துப்பறியும் வேலை. ஜன்னலுக்குக் கீழே பலகை கறுத்திருக்கிறதா? அது மழை ஒழுகலா, வியர்வையா? இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஜன்னல் சட்டத்துக்குக் கீழே டிஷ்யூ பேப்பரை வரிசையாக ஒட்டிவிடுங்கள். மழையில்லாத, உறைபனி விழுந்த இரவுக்குப் பிறகு நனைந்திருந்தால் வியர்வை. சூடான மழை நாளில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நனைந்திருந்தால் ஒழுகல், சட்டத்தைக் கழற்றி ரப்பர் பட்டை மாற்ற வேண்டும், அதற்கு முன் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு.

கழுவும்போதும் கஞ்சத்தனமாகத் தண்ணீர் பயன்படுத்துங்கள், பிழிந்த துணிதான், வாளி வாளியாக ஊற்றினால் பலகை இடுக்கில் போன தண்ணீர் மார்ச் வரை அங்கேயே இருக்கும். சமையல் பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புப் பக்கத்துக் கரியும் போக, சுகர் சோப் என்கிற பொடியைக் கரைத்துத் துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை. பூஞ்சணம் இருந்தால் அதற்கென்று விற்கிற மருந்து. பிளீச் எடுத்தால் வேறு எந்தக் கிளீனரோடும் கலக்கக் கூடாது, குறிப்பாக அமிலம் உள்ளதோடு, விஷ வாயு வரும். பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, அத்தனையும் மூக்குக்குள்.

கழுவிவிட்டு ஒரு நாள் முழுதும் விடுங்கள். கட்டாயம். அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான்.

அப்புறம் 120 நம்பர் தாள், அதன் மேல் 180. பழைய வார்னிஷின் பளபளப்பு செத்தால் போதும், பலகை தெரியத் தேவையில்லை. ரொம்பப் பழைய படகு, பல அடுக்குப் பழைய பெயிண்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம், சோதனைக் குச்சி வாங்கிப் பாருங்கள், இருந்தால் உலர்ந்த தாளால் தேய்க்க வேண்டாம். தூசியை வாக்குவம் போட்டு எடுங்கள், துடைப்பத்தால் கிளப்பினால் எல்லாம் நாளைக்கு ஈரப் பெயிண்டில் வந்து உட்காரும்.

பைன் பலகையில் முடிச்சுகள் இருக்கும், பழைய தண்ணீர்க் கறை இருக்கும், இரண்டும் வெள்ளைப் பெயிண்டைத் தாண்டிப் பழுப்பாக மேலே வரும், மூன்று கோட்டு அடித்தாலும் வரும். இதற்கு அரக்கில் செய்த ஷெல்லாக் பிரைமர்தான் நல்ல மருந்து, குளிரிலும் சடசடவென்று காயும். ஆனால் அது முழுக்க ஸ்பிரிட், ஆகவே அடுப்பு ஆறியபின், கதவுகள் திறந்து, சின்னச் சின்னத் திட்டாக மட்டும். கரிம ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடி போடுங்கள், தூசிக்கான வெள்ளை முகமூடி ஆவியைத் தடுக்காது. தலை வலிக்க ஆரம்பித்தால் வேலையை நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

அடிக்கிற நாள்

டிசம்பரில் இங்கே எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டிவிடும். காலை ஆறு மணிக்கு எழுந்து சுறுசுறுப்பாக ஆரம்பிக்காதீர்கள், அப்போதுதான் சுவர் அதிகம் குளிர்ந்திருக்கும். அடுப்பைக் கிளறுங்கள், டீ குடியுங்கள், பத்து மணிக்குச் சுவரை அளந்து பாருங்கள், கணக்கு ஒத்துவந்தால் தொடங்குங்கள். ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மிச்ச வெளிச்சமும் சூடும் காய்வதற்கு. என் முதல் ராத்திரி வேலையில் இருந்த பெரிய தப்பே இதுதான், ஈரப் பெயிண்டை வைத்துவிட்டுத் தூங்கினேன், நடு இரவில் அடுப்பு தணிந்தது, சுவரில் பனி இறங்கிப் பெயிண்டைக் கரைத்தது.

பெயிண்ட் டப்பாவை முந்தின இரவே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். குளிர்ந்த பெயிண்ட் களி மாதிரி கெட்டியாக இருக்கும். அதைப் பார்த்து எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள், பிறகு அறைச் சூட்டில் அது இளகி, சுவரில் திரை போல வழியும். அவசரமென்றால் மூடிய டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் வையுங்கள். அடுப்பின் மேல் வேண்டாம், எண்ணெய் பெயிண்ட் என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

57 அடிப் படகில் அறைப் பகுதி சுமார் 40 அடி என்று வைத்தால், கூரை, இரண்டு பக்கம் எல்லாம் சேர்த்து 60 சதுர மீட்டர் சுற்றி வரும், லிட்டருக்கு 12 சதுர மீட்டர் என்றால் ஒரு கோட்டுக்கு ஐந்து லிட்டர். முழுப் படகையும் ஒரே நாளில் அடிக்கலாம் என்ற ஆசை வேண்டாம். அதிலேயே குடியிருப்பவர் பாதிப் பாதியாகப் பிரித்து, நடுவில் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டு, ஒரு பாதியில் வாழ்ந்து மறு பாதியை அடியுங்கள். திரைக்கு அந்தப் பக்கத்துக்கும் சூடும் காற்றும் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடித்த பக்கத்தில் முதல் இரவு தூங்க வேண்டாம்.

கூரை முதலில், பிறகு மேல்சுவர், கடைசியில் கன்னலுக்குக் கீழே. பலகைகளின் பள்ளங்களில் சின்னப் பிரஷ்ஷால் முதலில் ஓடிவிட்டு, உடனே நாலு அங்குல ரோலரால் மேலே உருட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மீட்டர் அகலம், ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்த மீட்டர். அடுப்புக்குப் பக்கத்தில் ஓரம் வேகமாகக் காயும், அங்கே கை வேகமாகப் போக வேண்டும். மெல்லிய கோட்டாகவே அடியுங்கள். குளிரில் கனமான கோட்டு மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும். படகின் பன்னிரண்டு வோல்ட் விளக்கை நம்பாதீர்கள், தலையில் கட்டுகிற டார்ச்சைக் கழற்றிச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்தால் விட்டுப்போன இடமும் வழிந்த இடமும் பளிச்சென்று தெரியும்.

டப்பாவை ஒரு அகலமான வாளிக்குள் வைத்து வேலை செய்யுங்கள். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், கட்டியிருக்கிற படகுகளைக் கடக்கும்போது அதைவிடவும் மெதுவாகப் போக வேண்டும், ஆனால் யாராவது ஒருவர் அவசரமாகப் போவார், உங்கள் படகு ஒரு குலுங்கு குலுங்கும். என் தரையில் ஒரு வெள்ளைத் தீவு இன்னமும் இருக்கிறது, கம்பளத்தால் மூடிவைத்திருக்கிறேன்.

மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே உரியுங்கள். குளிரில் ஒரு நாள் விட்டால் பசை இறுகி, பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வரும்.

அடுத்த கோட்டு எப்போது? டப்பாவில் நாலு மணி நேரம் என்று எழுதியிருப்பது 20 டிகிரிக்கு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், கன்னலுக்குக் கீழே அதற்கும் மேலே. நான் மணி பார்ப்பதில்லை, மறுநாள்தான். அலமாரிக்குப் பின்னால் மறைவான இடத்தில் கட்டை விரலை அழுத்தி லேசாகத் திருகிப் பார்க்கிறேன். தடம் விழுந்தால் இன்னொரு நாள்.

அடித்தளத்தை விட்டுவிடுங்கள்

தரைப் பலகைக்குக் கீழே இருக்கிற இரும்புக் குழியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், அங்கே துரு இருக்கும். ஆனால் அது நேரடியாகக் கால்வாய்த் தண்ணீரின் குளிரில் உட்கார்ந்திருக்கிறது, காப்பும் இல்லை, 4, 5 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. இப்போது செய்ய வேண்டியது தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் எடுப்பது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது, துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு எங்கே எவ்வளவு ஆழம் என்று பார்த்து வைப்பது, அவ்வளவுதான். பெயிண்ட் மே மாதத்தில்.

முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்கு அலமாரிக் கதவுகளை மூட வேண்டாம், புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம், மெத்தையைத் திரும்பத் தள்ளும்போது சுவருக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுகப் பல நாள் பிடிக்கும், ஜன்னலில் வழிகிற நீரைக் காலையில் துடைத்துவிடுங்கள், தேங்கவிட்டால் புதுப் பெயிண்ட் கொப்புளிக்கும். மர ஓரங்களில் எண்ணெய் பூசியிருந்தால், ஆளி விதை எண்ணெய், டேனிஷ் எண்ணெய் மாதிரி எதுவானாலும், அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியே காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

மிச்சப் பெயிண்டை முன்பக்கப் பெட்டியில் வைக்கலாம் என்று தோன்றும். அங்கே ஜனவரியில் உறையும், தண்ணீர்ப் பெயிண்ட் ஒருமுறை உறைந்தால் திரிந்த பால்தான், திரும்பக் கலக்கினாலும் சேராது. ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றி, மூடியில் நிறத்தின் பெயரை எழுதி, பாத்திர அலமாரியில் வையுங்கள். மார்ச்சில் எங்காவது தோள் உரசின இடத்துக்குத் தொட்டு வைக்க அது வேண்டியிருக்கும்.